ஈவ் ஆன்லைன்: முகம் கிடைக்கிறது, நிற்க இடம் கிடைக்கவில்லை

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய ஆட்டத்தில் புதிதாகச் சேருபவர் தன் விண்கப்பலைத் தொடுவதற்கு முன்பே ஒரு முகத்தைச் செதுக்குகிறார். மூக்கின் நுனி, தாடை எலும்பு, புருவத்தின் வளைவு என்று ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போவது சாதாரணம். முடித்து உள்ளே போனதும் அந்த உடல் முட்டை போன்ற ஒரு கலத்துக்குள் மூடப்பட்டுவிடும். ஆட்டக்காரர்கள் அதை ‘பாட்’ என்பார்கள். அதன் பிறகு பத்து ஆண்டு ஆடினாலும் அந்தக் கால்கள் ஓரடி எடுத்து வைப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி கேம்ஸ் 2003 மே 6 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. சண்டை, வணிகம், அரசியல் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது அவதாரத்தை, அதாவது ஆட்டக்காரரைக் குறிக்கும் மனித உருவத்தை மட்டும்தான்: ஆட்டம் அதில் என்ன தருகிறது, எதைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கியது, ஆட்டக்காரர்கள் இன்னும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

“விண்கல ஆட்டத்தில் ஆள் எதற்கு? கப்பல்தானே நீங்கள்?” என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. மற்ற ஆட்டங்களுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். ஈவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் இங்கே கப்பல் செலவாகிற பொருள். ரிஃப்டர் போன்ற சிறு ஃப்ரிகேட் வெடித்தால் அடுத்த நிமிடம் இன்னொன்று வாங்கி அதே ஆயுதங்களை மாட்டிக் கிளம்புவார்கள். காலையில் சுரங்கக் கப்பல், மதியம் சரக்குக் கப்பல், இரவில் போர்க்கப்பல் என்று ஒரே ஆள் மாறி மாறி ஏறுவார். இத்தனையிலும் மாறாமல் நிற்பவை பெயரும் முகமும் மட்டும்தான். பெயரை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். எந்தெந்தக் கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு) எப்போது இருந்தார் என்ற பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அதன் கீழேயே இருக்கும். இந்த ஆட்டத்தில் நம்பிக்கையும் துரோகமும் அந்தப் பெயர்மீதுதான் ஏறுகின்றன, கப்பல்மீது ஏறுவதில்லை.

இரண்டாவது காரணம் அளவு. ஈவின் கேமரா கப்பலைச் சுற்றியே சுழலும். சின்னக் கப்பல் என்றால் கிட்டே வரும், பெரியது என்றால் விலகிப்போகும். அதனால் திரையில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். ஆட்டத்தின் பேரரசுகளில் ஒன்றான அமாரின் டைட்டன் வகைக் கப்பல் சுமார் 14 கிலோமீட்டர் நீளம். அதன் பெயரே ‘அவதார்’. அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 14 கிலோமீட்டர் உறைக்காது, ஏனென்றால் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் உயரம் எங்கேயும் இல்லை. பெரிய போர்களில் நிலைமை இன்னும் மோசம். 2014 ஜனவரி இறுதியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போரில் 75 டைட்டன்கள் அழிந்தன. அத்தகைய சண்டையில் ஆட்டம் தன் நேரம் ஓடும் வேகத்தையே பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளும். ஆட்டக்காரர் கேமராவைத் தூரத்துக்கு இழுத்துவிட்டு, சின்னச் சின்னக் குறிகளையும் வலப்பக்கப் பெயர்ப் பட்டியலையும் பார்த்துத்தான் சுடுவார். கப்பலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் “கப்பல்தான் நீ” என்று சொல்வது எடுபடாது.

மூன்றாவது, இன்னொருவர் பக்கத்தில் நிற்பது. இதைக் கடைசியில் சொன்னாலும் இதுதான் முதன்மையானது. சிசிபி சறுக்கியதும் இங்கேதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் வந்த உருவ வடிவமைப்பான் இன்றும் இணைய ஆட்டங்களில் மிக நுட்பமானவற்றில் ஒன்று. அமார், கால்டாரி, கலான்டே, மின்மடார் என நான்கு பேரரசுகள், ஒவ்வொன்றிலும் மூன்று வம்சம், ஆகப் பன்னிரண்டு. எதில் பிறந்தாலும் பயிற்சி எடுத்தால் எந்தக் கப்பலையும் ஓட்டலாம். ஆகவே திறமையைக் கணக்குப் பார்த்து வம்சத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், முக அமைப்பைப் பார்த்தே எடுக்கலாம். அடிப்படை எலும்பமைப்பு வம்சத்தோடு வருகிறது. அதை எவ்வளவு இழுத்தாலும் இன்னொரு வம்சத்தின் முகமாக ஆக்க முடியாது.

செதுக்கும்போது நீள அகலப் பட்டைகளைத் தள்ளும் வேலை இல்லை. முகத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்தப் பகுதி ஒளிரும், பிடித்து இழுக்க வேண்டியதுதான். முன்பக்கமிருந்து இழுத்தால் அகலமும் உயரமும் மாறும், பக்கவாட்டில் திருப்பி இழுத்தால் ஆழம் மாறும். புதியவர்கள் செய்யும் தவறு முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடித்துவிடுவது. நேராகப் பார்த்தால் அழகாக இருக்கும் முகம், தலையைச் சற்றே சாய்த்துப் படம் எடுத்ததும் மூக்கு தட்டையாகவோ மோவாய் உள்வாங்கியோ தெரியும். நேர், பக்கவாட்டு, முக்கால்வாசித் திருப்பம் என்று மூன்று கோணத்திலும் பார்த்தபிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். காரணம், முடி, ஒப்பனை, உடை, படம் எல்லாவற்றையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம். முக எலும்பையும் உடல்வாகையும் மறுபடி செதுக்க, கடையில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அடுத்தது படம் எடுக்கும் கட்டம். அவதாரத்தின் மொத்த வாழ்க்கையும் இந்தப் படத்தில்தான். தலை சாய்வு, பார்வை, உதட்டின் வளைவு, விளக்கின் திசை, அதன் நிறம், பின்னணி எல்லாவற்றையும் மாற்றி நான்கு படம் வரை எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வடிவமைப்பானில் அது திரை முழுக்கத் தெரியும், ஆட்டத்துக்குள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெளித்தளங்கள் எடுத்துப் பயன்படுத்தும் படங்களும் 32 பிக்சலில் தொடங்கி 1024 வரை பல அளவுகளில் வருகின்றன. யார் யாரைச் சுட்டு வீழ்த்தினார் என்று பதிவாகும் கில்மெயில் பக்கங்களில் பெரும்பாலும் சின்ன அளவையே காண்பீர்கள். 64 பிக்சலில் நிற்கும் படத்துக்கு நான்கு விஷயம் போதும்: முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும், தோள் தெரிந்தால் போதும், விளக்கு முன்பக்கத்திலிருந்து விழ வேண்டும், பின்னணி தோல் நிறத்துக்கும் முடி நிறத்துக்கும் எதிராக இருக்க வேண்டும். கறுப்பு முடி, கறுப்புக் கோட்டு, இருண்ட பின்னணி என்று எடுத்தால் மிஞ்சுவது இருட்டில் மிதக்கும் ஒரு மூக்கு. தொப்பியும் பெரிய கண்ணாடியும் கண்களை மறைத்துவிடும். கோபம், சிரிப்பு எதையும் எல்லைவரை இழுத்தால் சின்ன அளவில் முகம் கோணிப்போய்த் தெரியும், பாதியில் நிறுத்துவதே நல்லது. படத்தை மாற்றியதும் வெளித்தளங்களில் உடனே மாறவில்லையே என்று பதற வேண்டாம், பழைய படம் சேமிப்பில் கொஞ்ச நேரம் தங்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் எங்கே தெரிகிறது? லோக்கல் சேட்டில், ஒரு நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் எல்லோருடைய பெயருக்கும் பக்கத்தில். ஆனால் ஆபத்தான பகுதிகளில் ஆடுபவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கி வைத்துக்கொள்வார்கள். படம் இருந்தால் ஒரு திரையில் சில பெயர்தான் கொள்ளும், எடுத்துவிட்டால் பல மடங்கு கொள்ளும். எதிரி ஒருவன் நுழைந்ததைச் சில நொடிகளில் கண்டுபிடித்தால்தான் உயிர் தப்பும் என்னும்போது யாரும் முகத்துக்கு இடம் ஒதுக்க மாட்டார்கள். ஆக, மனிதர்கள் ஒருவரையொருவர் உண்மையிலேயே கவனித்துக்கொள்ளும் இடத்தில் முகம் மறைந்து, எதிரியா நண்பரா என்று காட்டும் சிவப்பு நீலக் குறிகள் மட்டும் எஞ்சுகின்றன. வடிவமைப்பானின் தரத்துக்கும் அதன் பயனுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் ஆட்டத்தில் வேறில்லை.

உடைகளைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை: நிறுவனத்தின் கடையில் பிளெக்ஸ் (உண்மைப் பணத்துக்குக் கிடைக்கும் நாணயம்) கொடுத்து வாங்குவதற்கு முன், ஆட்டக்காரர்களின் பெரிய சந்தை இருக்கும் ஜிட்டா மண்டலத்தில் ஐஎஸ்கே (ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் பணம்) விலையைப் பாருங்கள். பலர் வாங்கி மறுவிற்பனைக்குப் போட்டிருப்பார்கள். வாங்கியதைக் கப்பலில் சரக்காக ஏற்றிக்கொண்டு பறக்காதீர்கள். கப்பல் வெடித்தால் மற்ற சரக்குக்கு நேர்வதுதான் சட்டைக்கும் நேரும்: ஒன்று அழியும், இல்லாவிட்டால் சுட்டவன் எடுத்துக்கொண்டு போவான். அதே நிலையத்தில் மாட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

இனி 2011. அவதாரம் பற்றிய எந்தப் பேச்சும் இங்கே வந்துதான் நிற்கும். அந்த ஆண்டு ஜூன் 21 அன்று ‘இன்கார்னா’ என்ற விரிவாக்கம் வந்தது. நிலையத்துக்குள் கப்பலை நிறுத்தினால், ஆட்டக்காரரின் முழு உருவம் ‘கேப்டன்ஸ் குவார்ட்டர்ஸ்’ என்ற அறைக்குள் நிற்கும். நடக்கலாம், சோபாவில் உட்காரலாம், சுவரில் பெரிய திரை ஓடும், கண்ணாடிமுன் நின்று உடை மாற்றலாம். அந்த அறையில் மிக நன்றாக அமைந்தது பால்கனி. அங்கே போய் நின்றால் எதிரே தன் கப்பல் தொங்கும். அத்தனை ஆண்டு ஓட்டிய கப்பல் தன் தலைக்குமேல் எவ்வளவு உயரத்துக்குப் போகிறது என்று ஆட்டக்காரர்கள் அண்ணாந்து பார்த்தது அப்போதுதான். அளவு பற்றி மேலே சொன்ன குறைக்கு அந்த ஒரு பால்கனி பதில் கொடுத்தது.

மற்றதெல்லாம் கோணலாகப் போனது. நான்கு பேரரசுக்கும் சேர்த்து ஒரே அறை: துருப்பிடித்த மின்மடார் அறை. பொன்னும் பகட்டுமாக வாழும் அமார்காரருக்கும் அதுதான். வெளியே போகும் கதவு ஒன்று இருந்தது, அது திறக்காது. வேறு யாரும் உள்ளே வர முடியாது. உருவத்தைக் கொடுத்தார்கள், அதைப் பார்க்க இன்னொரு ஆளைக் கொடுக்கவில்லை. அதோடு நிலையத்துக்குள் நிறுத்திய கப்பலைக் காட்டும் பழைய ஹேங்கர் காட்சியை எடுத்துவிட்டார்கள். நிலையத்தில் நின்றபடி கப்பலைச் சும்மா சுழற்றிக்கொண்டே அரட்டை அடிப்பது அங்கே ஊறிப்போன பழக்கம், அதுவும் போயிற்று. அறை வேண்டாம் என்று அமைப்பில் அணைத்தால் எதிரே வந்தது அசையாத ஒரு படம்தான்.

பலர் ஒரே கணினியில் இரண்டு மூன்று கணக்குகளை ஒன்றாகத் திறந்து ஆடுபவர்கள். ஒருவர் சுரங்கம் தோண்ட, இன்னொருவர் காவல் நிற்க, மூன்றாமவர் சரக்கு ஏற்ற. மூன்றும் நிலையத்தில் நின்றால் மூன்று அறைகளை முழு வெளிச்சம், நிழல், துணி மடிப்போடு கிராஃபிக்ஸ் கார்டு வரைய வேண்டும். அதுவரை சத்தமில்லாமல் ஓடிய கணினிகளில் விசிறி அலறியது, கார்டு சூடாகிறது என்ற புகார்கள் குவிந்தன. நிறுத்துவதும் கிளம்புவதும் ஒரு நாளில் பல முறை நடக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் கூடுதல் காத்திருப்பு என்றால் அது அழகுக்குக் கொடுக்கும் விலையாகத் தெரியாது, தொல்லையாகத்தான் தெரியும்.

இதே நேரத்தில் ‘ஆரம்’ என்ற புது நாணயத்தோடு உடைக் கடையும் திறந்தது. ஒற்றைக் கண்ணுக்கு மாட்டும் மானக்கிள் ஒன்றின் விலை உண்மைப் பணத்தில் ஏறத்தாழ 60 டாலர். நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று கசிந்து, காசுக்கு விற்கும் பொருள்கள் உடையோடு நிற்காதோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. ஜிட்டா, அமார் என்ற மண்டலங்களில் ஆட்டக்காரர்கள் கூடி நிலையத்துக்கு வெளியே இருந்த சிலைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் அவசரமாக ரெய்க்யவிக்குக்கு அழைக்கப்பட்டது. அக்டோபரில் தலைமை நிர்வாகி ஹில்மார் பெட்டுர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியர்களில் சுமார் 20 சதவீதம் பேர் வேலை இழந்தனர். நவம்பர் 29 அன்று வந்த ‘குரூசிபிள்’ விரிவாக்கத்தில் கப்பலைச் சுழற்றும் ஹேங்கர் திரும்பியது, மற்ற மூன்று பேரரசின் அறைகளும் வந்தன. கதவு மட்டும் திறக்கவே இல்லை. பயன்படுத்துவோர் குறைந்து, பழைய மென்பொருளைப் பராமரிப்பதும் சுமையாகி, 2017 ஆகஸ்டில் அறைகளையே நீக்கிவிட்டார்கள்.

இதிலிருந்து “ஆட்டக்காரர்களுக்கு அவதாரம் வேண்டாம்” என்று முடிவு கட்டுவது தவறு. அவர்கள் சுட்டது காலியான அறையையும் கடையையும். நடமாடும் நிலையம் வரப்போகிறது, மதுக்கடையில் உட்கார்ந்து எதிரிக் கூட்டணியோடு பேரம் பேசலாம் என்று வருடக்கணக்கில் எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்களே.

அதே விருப்பத்துக்கு மற்ற ஆட்டங்கள் என்ன பதில் வைத்திருக்கின்றன? நோ மேன்ஸ் ஸ்கை வெளியான 2016 ஆகஸ்டில் இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்துக்குப் போய் நின்றும் ஒருவரையொருவர் காண முடியவில்லை. அந்த ஏமாற்றம் உலகமெங்கும் பேச்சானது. 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’ புதுப்பிப்பு முழுமையான கூட்டு ஆட்டத்தையும் உருவத்தை மாற்றும் இயந்திரத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்தது. சரியான வரிசை அதுதான்: பார்க்க ஆள் வந்த பிறகே உடுத்த உடை. ஸ்டார் சிட்டிசனில் படுக்கையிலிருந்து எழுந்து, மின்தூக்கி பிடித்து, ரயிலேறி, கப்பலின் சாய்தளத்தில் நடந்து போய்த்தான் உட்கார வேண்டும். அளவு பற்றிய உணர்வில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் மட்டுமே ஆடக் கிடைப்பவருக்கு அதில் கணிசமான பங்கு நடையிலேயே கரைந்துவிடும்.

எலீட் டேஞ்சரஸ் படிப்படியாகப் போனது. 2017 ஏப்ரலில் முகம், 2021 மே 19 அன்று ‘ஒடிஸி’ விரிவாக்கத்தில் கால்கள். ஒடிஸியும் வெளியான அன்று மோசமான வேகத்தோடு, குறைகளோடுதான் வந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இருந்தாலும் கால்களுக்கு அது ஒரு வேலை கொடுத்தது. ஆர்டெமிஸ் உடை அணிந்து இறங்கி, ஒரே வகை உயிரினத்தை மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். இடங்களுக்கு நடுவே குறைந்தபட்ச தூரம் உண்டு: பாக்டீரியத்துக்கு 500 மீட்டர், டஸ்ஸாக் புல்லுக்கு 200. மூன்றும் முடியுமுன் வேறு உயிரினத்தை எடுத்தால் முதலாவது வீண். விற்குமுன் இறந்துபோனால் எல்லாமே வீண். இந்த விதிகளால்தான் அந்த 500 மீட்டர் நடையில் ஆள் தன் உடலைப் பற்றி நினைக்கிறார்: பேட்டரி எவ்வளவு, குளிர் எவ்வளவு, கப்பல் எங்கே. குறை என்னவென்றால் இருக்கையிலிருந்து தரைக்கு வருவது ஒரு கறுப்புத் திரைதான், கப்பலுக்குள் நடக்க வழியில்லை.

ஈவுக்குத் திரும்பினால், சிசிபி இப்போது விருப்பத்தைக் கப்பல்மேல் திருப்பிவிட்டிருக்கிறது. 2024 ஜூனில் வந்த ‘ஸ்கின்னர்’ கருவியில் கப்பலுக்கான வண்ணத்தை ஆட்டக்காரரே வடிவமைத்து விற்கலாம். கப்பல் வெடித்தாலும் அந்த உரிமம் ஆளோடு தங்கும். நல்ல வசதிதான், ஆனாலும் கேட்டது அது அல்ல.

இந்த ஆட்டத்தில் உடல் விண்வெளியில் கண்ணுக்குத் தெரியும் தருணம் இன்றைக்கு ஒன்று உண்டு. பாட் உடைந்தால் உறைந்த சடலம் ஒன்று மிதக்கும், அதில் ஆட்டக்காரரின் பெயர் இருக்கும். அதை அள்ளிக்கொள்ளலாம், சேர்த்துவைக்கலாம். எதிரிகளின் சடலத்தைச் சேகரிப்பவர்கள் உண்டு. மோலியா என்ற மண்டலத்தில் ஆட்டக்காரர்களே ஒரு கல்லறைத் தோட்டத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் இறந்துபோன நண்பர்களுக்கு அங்கே அஞ்சலி செய்கிறார்கள். நிறுவனம் திட்டமிடாத பயன் அது, கிடைத்த ஒரே உடலை வைத்து அவர்களாகச் செய்துகொண்டது. 2014இல் ரெய்க்யவிக் துறைமுகப் பகுதியில் ஈவுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுந்தபோது அதில் பொறித்ததும் கப்பல்களின் பெயரை அல்ல, ஆட்டக்காரர்கள் சூட்டிய பாத்திரப் பெயர்களை.

பணம் கொடுக்காமல் ஆல்ஃபா கணக்கிலேயே வடிவமைப்பானை முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். உருவத்தை வடிவமைப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்காகவே ஒரு மாலையைக் கொடுக்கலாம். நடக்க வேண்டும், நாலு பேரோடு நிற்க வேண்டும் என்பவர்கள் ஒடிஸிக்குப் போவது நல்லது. ஈவிலேயே இருக்க முடிவெடுத்தவர்கள், உடைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்குமுன் லோக்கல் பட்டியலைத் திறந்து, படம் தெரியும் அமைப்பில் வைத்து, உங்கள் முகம் அந்த அளவில் அடையாளம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரியாவிட்டால் விளக்கின் திசையை மாற்றி மறுபடி எடுங்கள், அதற்குக் காசு இல்லை.